ஆள்காட்டிக் குருவி சுமந்த தண்ணீர்

என் புருஷன் சைகோன் சண்டையிலிருந்து உயிரோடு திரும்பி வந்தார். எங்கள் வீட்டுக் கஷ்டம் அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

இப்படிச் சொல்ல எனக்கே கூசுகிறது. எத்தனையோ வீடுகளுக்கு ஆள் வரவில்லை, கடுதாசி மட்டும்தான் வந்தது. ஆனால் ஆண்டவர் எனக்குச் செய்த உபகாரத்தைச் சொல்ல வந்தவள், அதற்கு முன் நான் கிடந்த கிடையை மறைத்தால் அது பாதிச் சாட்சிதான். அதனால் முழுவதையும் சொல்கிறேன். பொறுத்துக் கேளுங்கள்.

என் பெயர் செசிலி. காரைக்காலை அடுத்த தருமபுரத்தில் இருக்கிறோம். என் புருஷன் சவரிநாதன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் கப்பலேறினார். அப்போது என் வயிற்றில் மகள் இருந்தாள். நாலு வருஷம் கழித்து, 1954-ல், ஐப்பசி பிறக்கச் சில நாள் இருக்கும்போது வந்து சேர்ந்தார். அடுத்த சில வாரத்தில் இங்கே பிரெஞ்சுக் கொடியை இறக்கினார்கள். ஊரே தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. இவர் மட்டும் எங்கள் வீட்டுக் கொல்லையில் நடந்துகொண்டிருந்தார். கிணற்றிலிருந்து முருங்கை மரம். முருங்கை மரத்திலிருந்து கிணறு.

வந்த நாளிலிருந்து அப்படித்தான். உட்கார மாட்டார். இலை போட்டால் நாலு வாய் தின்பார், எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்ப்பார், மறுபடி வருவார், அதற்குள் சோறு ஆறியிருக்கும். யாராவது கதவைத் தட்டினால் சுவரோடு ஒட்டிக்கொள்வார். பூசைக்கு வருவார், ஆனால் கோயிலுக்குள் வரமாட்டார். வெளியே வெயிலில் நிற்பார். நன்மை, அதாவது நற்கருணை அப்பம், வாங்கவே இல்லை. “என்னங்க, உள்ள வந்து முழங்கால் போட்டாத்தான் என்ன?” என்று கேட்டேன். “என்னால முடியாது செசிலி, விட்டுடு” என்றார். அவ்வளவுதான் பேச்சு.

என் மகள் லூர்து அப்பாவைப் பார்த்ததே இல்லை. பார்த்த பிறகு பயந்தாள். அவர் பக்கம் போக மாட்டாள். ஒரு நாள் விளையாட்டாகப் பித்தளைச் செம்பைத் தரையில் போட்டுவிட்டாள். அந்தச் சத்தத்துக்கு அவர் போட்ட கூச்சல் பக்கத்து வீடு வரை கேட்டது. பிள்ளை அதோடு மூன்று நாள் பேசவில்லை. அவரும் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் நான்.

நானும் பொறுமைக்காரி இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். செபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் எழுந்து அடுப்பைப் பார்ப்பேன், கதவைப் பார்ப்பேன். ஆனாலும் செவ்வாய்க்கிழமை ஒரு பொழுது இருந்தேன். ஒன்பது நாள் செபமான நவநாள் செய்தேன். மெழுகுவர்த்தி வைத்தேன். கேட்டது ஒன்றே ஒன்று. ‘சுவாமி, இந்த மனுஷனை ஒரு இடத்தில் உட்கார வையும்.’ பங்குனி முடிந்தது. பதில் இல்லை. எனக்குள் கசப்பு ஊறிவிட்டது. நாகப்பட்டினத்தில் என் அண்ணன் வீடு இருக்கிறது. லூர்துவைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விடுவது என்று முடிவு செய்தேன். சித்திரைப் பாதிக்கு மேல் இன்னொன்று தொடங்கினேன். ‘இதுதான் கடைசி நவநாள். அப்புறம் நான் கேட்க மாட்டேன்’ என்று மாதா சுரூபத்தின் முன்னால் வாய்விட்டே சொன்னேன். கோபமாகத்தான் சொன்னேன்.

சுரக்குடிப் பக்கம் எங்களுக்கு மூன்று மா நிலம் உண்டு. மாமனார் வைத்துவிட்டுப் போனது. சித்திரையில் அங்கே என்ன வேலை இருக்கும்? தண்ணீர் ஆனியில்தான் வரும். ஆனால் இவருக்குச் சும்மா இருக்க முடியவில்லையே. பக்கத்துக் குட்டை வற்றிக்கொண்டு வந்தது. அதிலிருந்து வண்டல் மண்ணை வெட்டிக் கூடையில் சுமந்து வயலில் கொட்ட ஆரம்பித்தார். காலையில் போனால் பொழுது சாயும் வரை. ஆள் வைத்துக்கொள்ளச் சொன்னேன், கேட்கவில்லை. உச்சிப்பொழுதுக்கு நான் நீராகாரம் கொண்டுபோவேன்.

அந்த வயலில்தான் ஆள்காட்டிக் குருவி இருந்தது. உங்களுக்குத் தெரியும். நெட்டைக் காலும் மூக்கடியில் சிவப்புத் தோலுமாக, மனுஷ வாடை பட்டாலே தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துமே, அது. மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். இவருக்கு அப்படியில்லை. முதல் நாள் நான் போனபோது மண்வெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு வயல் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

“என்னங்க தேடுறீங்க?”

“அதோட கூட்ட. இது கத்துற கத்தல்ல நாம எங்க நிக்கிறோம்னு ஊருக்கெல்லாம் தெரிஞ்சிடும்.”

“தெரிஞ்சா என்னங்க? இது நம்ம வயலு.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்த மாதிரி இருந்தது. தேடிய கூடு அவர் காலடியிலேயே இருந்தது. கூடு என்று சொல்வதற்கு ஒன்றுமில்லை. வெறுந்தரையில் ஒரு சின்னப் பள்ளம், சுற்றிலும் கூழாங்கல், நடுவில் மண் நிறத்தில் நாலு முட்டை. குருவி அவர் தலைமேல் பாய்ந்து பாய்ந்து போனது. அவர் மண்வெட்டியை மெல்லக் கீழே வைத்தார். பிறகு நாலு பக்கமும் குச்சி நட்டு அந்த இடத்தில் மண் கொட்டாமல் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் குருவியைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினார். ஏழு மாதத்தில் அவராக என்னிடம் பேசிய பேச்சு அதுதான். ஒரு நாள் என் கையைப் பிடித்து இழுத்தார்.

“சத்தம் போடாத. அங்க பாரு.”

குட்டை ஓரத்தில் குருவி தண்ணீரில் இறங்கி நின்றது. குடிக்கவில்லை. நெஞ்சையும் வயிற்றையும் தண்ணீரில் அழுத்தி அழுத்தி நனைத்தது. பிறகு பறந்து வந்து, ஈரம் சொட்டச் சொட்ட, முட்டைகளின் மேல் உட்கார்ந்தது.

“வெயில்ல முட்ட வெந்துடும்ல. அதுக்குத்தான் இப்புடித் தண்ணி கொண்டாருது. காலையிலேருந்து எத்தன நட தெரியுமா? போவுது, திரும்பி வருது. போவுது, திரும்பி வருது.”

அவர் குரல் நடுங்கியது. நான் அதைக் கவனித்தேன். ஆனால் கேட்கவில்லை. ஊருக்குப் போகத் துணி எடுத்து வைத்திருந்தவள், என்னத்தைக் கேட்பேன்?

அக்கினி நட்சத்திரம் தொடங்கி நாலைந்து நாள் ஆகியிருக்கும். நவநாளில் எட்டாவது நாள். லூர்துவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு நீராகாரப் பானையோடு போனேன். காற்றே இல்லை. வரப்பில் ஏறியதும் அவர் மண் கூடையோடு வருவது தெரிந்தது. ஆனால் நேராக வரவில்லை. கால் பின்னியது. கூடை சரிந்தது. அவரும் சரிந்தார்.

என் கையிலிருந்த பானை எப்போது விழுந்தது என்று தெரியாது. ஓடினேன். தொட்டேன். உடம்பு அடுப்பில் இருக்கும் தோசைக்கல் மாதிரி. ஒரு பொட்டு வேர்வை இல்லை, வறண்டு கிடந்தது. கண் மேலே சொருகியிருந்தது. வாய் மட்டும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். “வந்துட்டேன்டா… வந்துட்டேன்டா…” அதையே திரும்பத் திரும்ப.

கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஆள் இல்லை. நிழலுக்கு இழுக்கப் பார்த்தேன். நல்ல உடம்புக்காரர், அசைக்க முடியவில்லை. வயலில் ஒரு மரம்கூடக் கிடையாது. பானையும் உடைந்துவிட்டது. காய்கிற உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும், கம்பளி போட்டு மூட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். என்ன செய்வதென்றே தெரியவில்லை. வானத்தைப் பார்த்துக் கத்தினேன். “ஆண்டவரே, நான் இவர உட்காரத்தானே வைக்கச் சொன்னேன்! இப்படியா? எனக்கு ஏதாவது காட்டும், இப்பவே காட்டும்!” இதுதான் என் செபம். இதில் பக்தி இருந்ததா என்று எனக்குத் தெரியாது. வாயிலிருந்து வந்தது இதுதான்.

அந்தக் குருவி என் தலைமேல் கத்திக்கொண்டே போய்க் குட்டையில் இறங்கியது. நனைந்தது. திரும்பி வந்தது. எங்களுக்கு இருபது அடி தள்ளி, என்னைப் பார்த்துக்கொண்டே முட்டைமேல் உட்கார்ந்தது.

நான் ஓடிப்போய்க் குட்டையில் விழுந்தேன். கழுத்துவரை முங்கினேன். புடவையெல்லாம் சேறும் தண்ணீருமாக ஓடிவந்து அவர்மேல் அப்படியே படுத்தேன். தலையிலிருந்து தண்ணீரை அவர் முகத்தில் பிழிந்தேன். முந்தானையை நெஞ்சில் போர்த்தினேன். ஈரம் காய்வதற்குள் மறுபடி ஓடினேன். கள்ளி முள் காலில் ஏறியது, பிடுங்க நிற்கவில்லை. எத்தனை நடை என்று எண்ணவில்லை. ஒவ்வொரு நடைக்கும் ‘அருள் நிறைந்த மரியே’ என்று தொடங்குவேன். பாதியில் மூச்சு வாங்கும், விட்டுவிடுவேன், அடுத்த நடையில் மறுபடி தொடங்குவேன். ஒன்றையும் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை.

தூரத்தில் ஒரு மாட்டுவண்டி தெரிந்தது. கையை ஆட்டிக் கத்தினேன். கிராமம் கிராமமாகக் கருவாடு விற்கிற மரைக்காயர் ஒருவர், எங்கள் தெருவுக்கும் வருகிறவர். சாலையிலிருந்து வண்டியை அப்படியே வயலுக்குள் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தார்.

“யா அல்லா! என்னம்மா இது? காயிற ஒடம்புல தண்ணிய ஊத்துறியேம்மா, ஆவுமா?”

“குருவி ஊத்துதுங்க!” என்றேன். பைத்தியக்காரி பேச்சு. அவருக்கு என்ன புரிந்ததோ, மறு கேள்வி கேட்கவில்லை. வண்டியில் இருந்த சாக்கை எடுத்துக் குட்டையில் நனைத்துவந்து பரப்பினார். இருவருமாக இவரைத் தூக்கிக் கிடத்தினோம். “நீ விசிறிக்கிட்டே வாம்மா. வாய்க்கால் குட்டை எது வந்தாலும் நா நிறுத்தி நனைக்கிறேன்” என்று சொல்லி மாட்டை விரட்டினார். வழியில் மூன்று இடத்தில் நிறுத்தி நனைத்தார். பெரிய ஆசுபத்திரி வாசலில் இவரைத் தோளில் போட்டு இறக்கியவரும் அவர்தான்.

டாக்டர் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் சேற்றில் புரண்ட எருமைபோல நின்றேன்.

“தண்ணி ஊத்தச் சொன்னது யாரு?”

கையில் ஒட்டிய சேற்றை வழித்துக்கொண்டே இவர் முகத்தைப் பார்த்தேன்.

“யாரா இருந்தாலும் சரி. ஊத்தலைன்னா இங்க கொண்டாந்திருக்கவே வேணாம்.”

சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை அப்போதுதான் வந்தது.

இரண்டாம் நாள் மத்தியானம் அவருக்கு நல்ல நினைவு வந்தது. ஆண்டவர் அவர் உயிரைக் காத்தது ஒரு உபகாரம் என்றால், பெரிய உபகாரம் அதற்குப் பிறகுதான். கட்டிலில் படுத்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டே, ஏழு மாதமாகச் சொல்லாததைச் சொன்னார்.

கோட்டுச்சேரிப் பையன் லெயோன் என்று ஒருவன். இவரோடு ஒரே கப்பலில் போனவன். ஒரு நாள் சதுப்புக் காட்டில் அவன் வயிற்றில் குண்டு பட்டது. “அண்ணே, தண்ணி” என்றான். இவர் கையில் சொட்டு இல்லை. கால்வாயில் மொண்டுவரத் தவழ்ந்து போனார். மொண்டபோது மறுபடி சுட ஆரம்பித்தார்கள்.

“நான் எழுந்திருக்கல செசிலி. தண்ணிய வச்சிக்கிட்டு மண்ணுல மொகத்தப் பொதச்சிக்கிட்டுக் கெடந்தேன். ரொம்ப நேரம். சத்தம் நின்னப்புறம்தான் போனேன். போனப்ப அவன் வாயில ஈ மொச்சிக்கிட்டு இருந்திச்சு.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். என் கோபமெல்லாம் எங்கே போனதோ. இத்தனை நாள் இவர் நடந்த நடை என்ன நடை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பத்து நாள் கழித்து வயலைப் பார்க்கவேண்டும் என்றார். வண்டியமர்த்திக் கூட்டிப்போனேன். போனால், நட்டிருந்த குச்சிகள் சாய்ந்து கிடந்தன. அன்றைக்கு மரைக்காயரின் மாடு மிதித்திருக்கிறது. நாலு முட்டையில் இரண்டு இல்லை. ஓடு மட்டும் மண்ணில் ஒட்டிக் கிடந்தது. இவரைக் காப்பாற்ற வந்த வண்டி மாடுதான் அவற்றை நசுக்கியது. இவர் என்ன ஆவாரோ என்று பயந்து அவர் முகத்தையே பார்த்தேன்.

அவர் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது குட்டையில் இறங்கியது. நெஞ்சை நனைத்தது. வந்து மிச்சமிருந்த இரண்டின் மேல் உட்கார்ந்தது.

“ரெண்டு போச்சு” என்றார். பிறகு, “போனதுக்காவ இதுங்கள விட்டுடல பாரு” என்றார். வரப்பிலேயே குந்தி, முகத்தை மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். நான் தடுக்கவில்லை.

அந்த வாரமே பங்குச் சாமியாரிடம் போய்ப் பாவங்களைச் சொல்லி நல்ல பாவசங்கீர்த்தனம் செய்தார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு நன்மை வாங்கினார். வெளியே வந்ததும், “கோட்டுச்சேரிக்குப் போவணும். நீயும் வா, தனியாப் போவத் தைரியமில்ல” என்றார். லூர்துவையும் அழைத்துக்கொண்டு பஸ் ஏறினோம். பஸ்ஸில் அவர் உட்காரவே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

லெயோனின் தாயார் கைம்பெண். ஒரே மகன். கூரை வீடு. எங்களைப் பாயில் உட்காரச் சொன்னார்கள். இவர் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் குறைக்கவில்லை. மண்ணில் முகம் புதைத்ததையும் சொன்னார். ஈ மொய்த்ததை மட்டும் சொல்லவில்லை. சொல்லி முடித்து, அடிக்கக் காத்திருப்பவர் மாதிரி நின்றார்.

அந்த அம்மா இவரை நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு ஏன் வந்தோம் என்று இருந்தது.

“தண்ணி கேட்டானா எம்புள்ள?”

“கேட்டாங்கம்மா.”

“நீ போனியா?”

“போனேங்கம்மா. ஆனா திரும்பி…”

“அத வுடு. குண்டு விழுவுது, நீ தண்ணிக்குப் போன. அவன் போவும்போது, அண்ணன் தண்ணி கொண்டாருவான்னு நெனச்சிக்கிட்டுத்தானய்யா போயிருப்பான்? யாருமில்லாமச் செத்தான், அனாதையாச் செத்தான்னு நான் இத்தன நாளா சோறு தின்னல தம்பி. இத வந்து சொல்ல ஒனக்கு இத்தன நாளா?”

அப்போதுதான் அவர் பாயில் உட்கார்ந்தார். லூர்து, அதுவரை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தவள், போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அவர் இப்போதும் நடக்கிறார். அதை மறைக்கமாட்டேன். சத்தம் கேட்டால் இன்னும் திடுக்கிடுவார். ஆனால் அந்த நடைக்குப் போய்ச் சேர ஒரு இடம் கிடைத்திருக்கிறது. ஞாயிறு பூசை முடிந்ததும் கோட்டுச்சேரிக்குப் போவார். அந்த அம்மாவின் வீட்டுக்குக் கூரை வேய்ந்து கொடுத்தார். எங்கே ஆள் படுக்கையில் கிடந்தாலும், நன்மை கொடுக்கப் போகிற சாமியாரோடு இவரும் கூடப் போகிறார். சில நாள் நான்தான் ‘கொஞ்சம் வீட்டிலும் இருங்களேன்’ என்று சண்டை பிடிக்கிறேன். நாகப்பட்டினத்துக்கு எடுத்து வைத்த துணிகளை நான் எப்போது பெட்டியிலிருந்து எடுத்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

ஒரு காரியம் மட்டும் சொல்லி முடிக்கிறேன். கை கூப்பி அசையாமல் இருப்பவர்களின் செபத்தைத்தான் ஆண்டவர் கேட்பார் என்று நான் நினைத்திருந்தேன். எனக்கு அது வராததால் என்னைத் தள்ளிவிட்டார் என்றும் நினைத்தேன். அந்தக் குருவி ஒரு நிமிஷம் அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. கத்தும், பாயும், ஓடும். ஆனால் தன்னுடையதை விடாது. அப்படிப்பட்ட ஜீவனையும் அவர்தானே படைத்தார்? கோபத்தோடு பாதியில் நின்றுபோன என் செபங்களையும் அவர் கேட்டார். நான் கேட்டபடி கொடுக்கவில்லை. எனக்கு வேண்டியதைக் கொடுத்தார்.

உங்கள் வீட்டிலும் உட்கார முடியாத ஒருவர் இருக்கலாம். அது நீங்களாகவும் இருக்கலாம். முழங்கால் போட முடியவில்லையென்றால் நடந்துகொண்டே கேளுங்கள். அழுதுகொண்டு கேளுங்கள், திட்டிக்கொண்டும் கேளுங்கள். கேட்பதை மட்டும் விட்டுவிடாதீர்கள். நான் விட இருந்தேன். நவநாளில் இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது. அந்த ஒரு நாளுக்காக ஆண்டவருக்கும் தேவமாதாவுக்கும் உயிருள்ளவரை நன்றி சொல்லுவேன்.